மெட்ஃபார்மின் மாத்திரை: எங்கே பயம் வேண்டாம், எங்கே கவனம் வேண்டும்

டைப் 2 சர்க்கரை நோய் என்று உறுதியானதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். 500 மி.கி., காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு. சீட்டில் அவ்வளவுதான் இருக்கும். வெளியே வரிசை நீண்டிருக்கும்போது டாக்டராலும் அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்க முடிவதில்லை. மீதியைப் பக்கத்து வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிந்துகொள்கிறோம்.

"சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சர்க்கரை 280 இருக்கும்போதே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு நாளாக வாந்தியும் பேதியுமாகப் படுத்திருக்கும்போதும், "சுகர் மாத்திரையை மட்டும் விடக்கூடாது" என்று வெறும் வயிற்றில் விழுங்குகிறவர்களும் உண்டு. முதலாமவர் தேவையில்லாமல் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டிய நேரத்தில் தைரியமாக இருக்கிறார். மெட்ஃபார்மின் பொதுவாகச் சாதுவான மருந்துதான். பெரிய தொந்தரவு வருவதென்றால் அது பெரும்பாலும் மூன்று வழிகளில் வரும்: கூடவே போடும் இன்னொரு மருந்து, ஏற்கெனவே பலவீனமாகிவிட்ட சிறுநீரகம், உடம்பில் தண்ணீர் வற்றிய நாள். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சில்லறை விஷயம்.

உடம்புக்குள் என்ன செய்கிறது

இரவு இரண்டே இட்லி சாப்பிட்டுப் படுத்தாலும், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 160 காட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் குழப்பம். அது இட்லியிலிருந்து வந்ததல்ல, கல்லீரலிலிருந்து வந்தது. நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் தேவையான குளுக்கோஸைக் கல்லீரல்தான் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. போதும் என்று அதற்குச் சொல்வது இன்சுலின். டைப் 2-வில் கல்லீரல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. சரியாக மூடாத குழாய் போல ராத்திரி முழுக்கச் சர்க்கரையைச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் முக்கியமாக அந்தச் சொட்டைக் குறைக்கிறது. தசைகள் இன்சுலினுக்குக் கொஞ்சம் நன்றாகப் பணியவும், குடலில் சர்க்கரை கையாளப்படும் விதம் மாறவும் உதவுகிறது.

கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வேலையை இது செய்வதில்லை. அதனால்தான் மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம். உடல் எடையும் ஏறாது. இதே காரணத்தால், கணையத்தில் இன்சுலினே சுரக்காத டைப் 1 நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசிக்குப் பதிலாக இதைக் கொடுக்க முடியாது. டைப் 1 உள்ள பிள்ளைக்கு "ஊசி எதுக்கு, மாத்திரையே போதும்" என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இது புது மருந்தும் இல்லை. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் புழங்கிய கலேகா என்ற செடியில் இருந்த சேர்மங்களின் வழியில் வந்தது. 1922-ல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் ஆய்வகத்தில் இதைத் தயாரித்தார்கள். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன், நீரிழிவு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா 1994-ல்தான் அனுமதித்தது. அவ்வளவு தாமதத்துக்கு ஒரு காரணம், இதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிப் பலர் இறந்ததால் 1970-களின் பிற்பகுதியில் அங்கே அது விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயரின் நிழல் மெட்ஃபார்மின் மேலும் விழுந்தது. பிறகு 1998-ல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு முடிவுகள் வந்தன. உடல் பருமன் உள்ள நீரிழிவு நோயாளிகளில், உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களைவிட மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. முதல் மாத்திரை என்ற இடத்துக்கு அது வந்தது இப்படித்தான்.

முதல் இரண்டு வாரம்

தொடங்கியவுடன் வயிறு கலங்கும். இளக்கமாகப் போவது, குமட்டல், வயிற்று உப்புசம், நாக்கில் உலோகச் சுவை, இவற்றில் ஒன்றாவது பலருக்கு வரும். "எனக்கு ஒத்துக்கலை" என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் டாக்டர்கள் 500 மி.கி.யில் ஆரம்பித்து, வாரக் கணக்கில் மெல்ல ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்குப் பொதுவாக 2000 மி.கி. வரை போகும். நீங்களாக வேகமாக ஏற்றினால் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடப்பதுதான் மிச்சம்.

வெறும் வயிற்றில் போட வேண்டாம். பாதிச் சாப்பாட்டில் மாத்திரையை விழுங்கிவிட்டு மீதியைச் சாப்பிடுவது வயிற்றுக்கு இதமாக இருக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று குறித்திருக்கும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அது மருந்தை மெதுவாக வெளியிடும். பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு எடுப்பார்கள். இந்த வகையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மணிக்கணக்கில் மெதுவாக இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்கக் கஷ்டப்படும் பெரியவர்களுக்கு வீட்டில் மாத்திரையை நுணுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, தெரியாவிட்டால் பதறிப்போவீர்கள். எஸ்ஆர் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில நாட்கள் மலத்தில் மாத்திரை போலவே ஏதோ ஒன்று வெளியே வரும். மருந்து உடம்பில் சேர்ந்த பிறகு மிஞ்சும் வெற்று உறை அது. "மாத்திரை கரையவே இல்லை" என்று நினைத்து இன்னொன்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சரி, இப்போது எழுந்து போய் உங்கள் மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது இப்போதைக்கு வேண்டாம். அதற்கு அருகிலோ பின்புறத்திலோ, கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடியும் என்கிற அளவில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மி.கி. என்று மட்டும் இருந்தால் உங்களுடையது தனி மெட்ஃபார்மின். அதோடு கிளிமெப்பிரைடு 1 மி.கி. அல்லது 2 மி.கி. என்று இன்னொரு பெயரும் இருந்தால் அது கூட்டு மாத்திரை. மூன்றாவதாக வோக்லிபோஸ் என்றும் இருக்கலாம். எல்லாம் ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நம்மூரில் "மெட்ஃபார்மின்தான் போடுறேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் போடுவது கிளிமெப்பிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயரின் பின்னொட்டில் ஜிபி 1, ஜிபி 2, எம் 1, எம் 2 என்று ஏதாவது இருக்கும். அந்த எண் பெரும்பாலும் கிளிமெப்பிரைடின் அளவு. மருந்துக்கடையில் அவசரத்தில் 1-க்குப் பதில் 2 கொடுத்துவிட்டால் மெட்ஃபார்மின் அதே அளவில் இருக்கும், ஆனால் சர்க்கரையைக் கீழே தள்ளும் மருந்து இரட்டிப்பாகிவிடும். மாத்திரை பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கலாம். வாங்கியதும் கவுன்ட்டரிலேயே நின்று பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இரட்டிப்பாகும் ஆபத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, சர்க்கரை மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே ஆள் நகரத்துக்குப் போய்த் தனியார் டாக்டரையும் பார்ப்பார். அவர் வேறொரு பெயரில் மாத்திரை எழுதுவார். அரசு கொடுத்த வெள்ளை மாத்திரையும் கடையில் வாங்கிய கலர் மாத்திரையும் ஒரே மருந்துதான் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுவார். யாரிடம் போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேஸ் மாத்திரை, மூட்டு வலி மாத்திரை, சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் பெயரும் நிறமும் மாறியிருக்கும், விலை குறைவாக இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மி.கி. அளவும் ஒன்றாக இருந்து, எஸ்ஆர் என்பதும் பொருந்தினால் கவலைப்பட வேண்டியதில்லை.

கூட்டு மாத்திரையும் லோ சுகரும்

கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை ஒரே குடும்பம். கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி உந்துபவை. உள்ளே சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறீர்கள். முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை, மொய் எழுத நின்றதில் இரண்டாவது பந்தியும் போயிற்று. கை நடுங்குகிறது, குப்பென்று வியர்க்கிறது, படபடக்கிறது, காரணமில்லாமல் பக்கத்தில் இருப்பவர் மேல் எரிச்சல் வருகிறது. இதுதான் லோ சுகர். கணக்குக்குச் சொன்னால் 70-க்குக் கீழே. ஆகவே இந்தக் குடும்ப மாத்திரை உங்கள் அட்டையில் இருந்தால், தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். எப்போதோ வரப்போகும் சாப்பாட்டை நம்பிப் போடாதீர்கள். ஒரு வேளை சாப்பிடப் போவதில்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம்.

லோ சுகர் வந்தால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். சாக்லேட் வேண்டாம். அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்த மருந்தின் வேலையே மாவுச்சத்தும் சாதாரணச் சர்க்கரையும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவது. லோ சுகர் வந்த நேரத்தில் சமையலறைச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் அதையும் தாமதப்படுத்திவிடும். உடைய வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸ் பொடிதான் அவர்களுக்கு உடனே கை கொடுக்கும். ஒரு பாக்கெட் வாங்கி வீட்டிலும் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இந்த லோ சுகர் ஒரு முறையோடு முடிவதில்லை. குறிப்பாகக் கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்கும். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்தவர், நாலு மணி நேரம் கழித்து மறுபடி சரியலாம். அதனால் அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். "அதான் தெளிஞ்சுட்டாரே" என்று கூட்டிவந்துவிடாதீர்கள்.

விரதத்திலும் இதே கணக்குதான். ரமலான் நோன்போ ஏகாதசியோ, மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவருக்குச் சிரமம் குறைவு. கிளிமெப்பிரைடு எடுப்பவர் நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகர்த்துவது வழக்கம். பகலில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அன்றைய நோன்பை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிட்னி விஷயம்

இப்போது அந்தப் பெரிய பயத்துக்கு வருவோம். மெட்ஃபார்மின் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். பத்து வருடம் மாத்திரை போட்டவருக்குக் கிட்னி போய்விட்டது என்றால், அந்தப் பத்து வருடமும் அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது, சர்க்கரை தெரிவதில்லை. பழி மாத்திரை மேல் விழுகிறது.

ஆனால் இதில் பாதி உண்மை உண்டு. மெட்ஃபார்மின் கல்லீரலில் உடைந்து போகும் மருந்து அல்ல. உள்ளே போனபடியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்தால் ஒரு நாளில் பெரும்பகுதி வெளியே போய்விடும். தளர்ந்துவிட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும். தேங்கி அதிகமானால் லாக்டிக் அமிலம் ஏறலாம். ஃபென்ஃபார்மினை முடித்துவைத்த அதே பிரச்சினைதான், மெட்ஃபார்மினில் இது மிக அரிது: ஒரு லட்சம் பேர் ஓராண்டு எடுத்தால் 10 பேருக்கும் குறைவாக. அந்தச் சிலரில் பலரும் ஏற்கெனவே சிறுநீரகமோ இதயமோ கல்லீரலோ மோசமாக இருந்தவர்கள்.

ஆக, தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் சிறுநீரகத்தின் நிலை. லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு) மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 35 வயது ஆணுக்கும் 70 வயது பெண்ணுக்கும் கிரியாட்டினின் ஒரே 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருக்கு ஈஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 80 வரும், அந்த அம்மாவுக்கு 50-ஐக்கூடத் தொடாது. ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. 45-க்கு மேல் இருந்தால் மெட்ஃபார்மின் தொடரலாம். 30-க்கும் 45-க்கும் இடையே புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஏற்கெனவே எடுப்பவருக்கு அளவைப் பாதியாக்குவார்கள். 30-க்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது இதைப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டு வந்தாலும், வயது 65 தாண்டியிருந்தாலும் இன்னும் அடிக்கடி.

உண்மையில் கிட்னிக்குப் பயப்பட வேண்டிய மாத்திரை பல வீடுகளில் வேறொரு டப்பாவில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள். சர்க்கரை உள்ளவர் அதை மாதக்கணக்கில் தின்பது சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். அதைக் கூச்சமில்லாமல் தினமும் போட்டுக்கொண்டு, மெட்ஃபார்மினைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

நிறுத்திவைக்க வேண்டிய நாட்கள்

கடும் வாந்தி, பேதி, எதுவும் உள்ளே தங்காத காய்ச்சல் என்று உடம்பில் தண்ணீர் வற்றும் நாட்களில் நன்றாக இருந்த சிறுநீரகமும் தற்காலிகமாகத் தடுமாறும். அந்த நேரத்தில் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பழையபடி சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாள் ஆனதும் திரும்பத் தொடங்கலாம். லேசான சளி, தலைவலிக்கெல்லாம் நிறுத்த வேண்டாம். இன்சுலின் எடுப்பவர்கள் இந்த விதியை இன்சுலினுக்குப் பொருத்திவிடக் கூடாது. காய்ச்சலில் சர்க்கரை ஏறவே செய்யும், இன்சுலினை அவர்களாக நிறுத்துவது ஆபத்து.

அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருந்தால் அதையும் அந்த நாட்களில் நிறுத்த வேண்டும். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து அந்த வகையில் உண்டு. அறுவை சிகிச்சை என்றால் அதைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது அயோடின் கலந்த மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். ஈஜிஎஃப்ஆர் குறைந்தவர்கள் அன்று மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகப் பரிசோதனை சரியாக வந்த பிறகே தொடர வேண்டும். ஸ்கேன் மையத்தில் உள்ளவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரேவுக்கும் வயிற்று அல்ட்ராசவுண்டுக்கும் இதெல்லாம் தேவையில்லை.

அளவு மீறிய குடியும் இந்தப் பட்டியலில்தான் வரும். லாக்டிக் அமிலத்தை அப்புறப்படுத்துவது கல்லீரல். மது அந்த வேலையைக் கெடுக்கிறது. கிளிமெப்பிரைடும் சேர்ந்திருந்து, சாப்பிடாமல் குடித்தால் லோ சுகர் வரும். தடுமாறி விழுந்தவரைப் "போதை" என்று நினைத்து அப்படியே தூங்க விட்டுவிடுவார்கள்.

மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, காரணமில்லாத தசை வலி, வயிற்று வலி, உடம்பு சில்லிடுவது, அசாதாரணத் தூக்கக் கலக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். எமர்ஜென்சிக்குப் போய், "மெட்ஃபார்மின் எடுக்கிறார்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கால் மரத்துப்போவது எதனால்?

நான்கைந்து வருடம் மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். இது சத்தமில்லாமல் நடக்கும். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, சோர்வு, நாக்கு எரிச்சல் என்று தொடங்கும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் இதே மாதிரிதான் இருக்கும் என்பதால், "சுகர்ல நரம்பு போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் பி12 குறைவால் வந்ததென்றால் ஊசியிலோ மாத்திரையிலோ சரியாக வாய்ப்புண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், பேண்டோபிரசோல், ஒமெபிரசோல் போன்ற கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டும் நம்மூரில் சர்வ சாதாரணம். ஆண்டுப் பரிசோதனையில் பி12-ஐயும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை.

அன்றாடச் சில்லறைகள்

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் அடுத்த சாப்பாட்டோடு வழக்கமான அளவை எடுத்தால் போதும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு டிபனோடு போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனைக்கு மாத்திரையைத் தவிர்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதே தெரியாது, அளவை வீணாக ஏற்றிவிடுவார்கள். பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கர்ப்பம் தரித்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்களுக்கு மெட்ஃபார்மினால் கருமுட்டை மீண்டும் வெளியாகத் தொடங்கலாம். "எனக்கெங்கே பிடிக்கப்போகிறது" என்று இருப்பவர்கள் கவனம்.

"சுகரை அடியோடு ஒழிக்கும்" என்று யூடியூபில் விற்கும் பெயரில்லாப் பொடிகளை மெட்ஃபார்மினோடு சேர்க்காதீர்கள். உலகின் பல இடங்களில் இப்படி மூலிகை என்று விற்றவற்றைச் சோதித்தபோது உள்ளே கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது. அந்தப் பொடி "உடனே வேலை செய்வதன்" ரகசியம் பல நேரம் அதுதான். வெந்தயம், பாகற்காய் சமையலில் சேர்ப்பது வேறு விஷயம். தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

சர்க்கரை நார்மலானால் நிறுத்தலாமா?

மாத்திரையோடு 110 வந்தால் அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான ஆதாரம். நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே போய்விடும். ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் இருக்காது என்பதால் தெரியவும் தெரியாது.

அதற்காக வாழ்நாள் முழுக்க விடவே முடியாது என்றும் இல்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத, எடை கூடியவர்களைக் கடுமையான உணவுத் திட்டத்தில் எடை குறைக்க வைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். 2017-ல் இந்த முடிவு வெளியானது. அவர்கள் மருந்தை நிறுத்தியது மருத்துவக் கண்காணிப்பில். நீங்களும் நன்றாக எடை குறைத்திருந்தால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் சம்மதித்து நிறுத்தினால், குறைந்தது 3 மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும். அது 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று கொள்வார்கள். அப்போதும் வருடாந்திரப் பரிசோதனையும் கண், பாதம், சிறுநீரகச் சோதனைகளும் தொடர வேண்டும்.